விலிமோனி ஏறிய கூரை

அன்புள்ள லிட்டியா,

பிள்ளைகளும் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? லெபனானில், இந்த ஐ.நா. அமைதிப்படை முகாமில், எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் கிணற்றுத் தகராறில் கல்லெறிந்துகொண்டார்கள். நம் ஃபிஜி வழக்கப்படி அவர்களை உட்காரவைத்து, சமாதானத்துக்கு யங்கோனா வேரை இடித்துக் கரைத்து ஆளுக்கொரு சிரட்டை கொடுத்தேன். எல்லாரும் துப்பினார்கள்.

"இந்தச் சேத்துத் தண்ணியக் குடுக்கவா கடல் தாண்டி வந்தே?" என்று இரண்டு ஊரும் சேர்ந்து என்னைத் திட்டி, சேர்ந்தே சிரித்தன. சண்டை அதோடு தீர்ந்தது.

"குட்டி நாடுன்னாலும் சமாதானத்துக்கு நாமதான்டா!" என்று எங்கள் கேப்டன் என் தோளில் தட்டினார்.

எனக்கு எங்கே சமாதானம்? உன் கடிதம் முழுக்கப் பக்கத்து வீட்டு விலிமோனிதான். ஒழுகிய கூரையில் ஏறித் தகரம் மாற்றினானாம், மீன் கொடுத்தானாம்.

யங்கோனா தீர்ந்துவிட்டது, அனுப்பு. விலிமோனியிடம் கொடுக்காமல் நீயே தபாலில் போடு.

ரோந்து வண்டி ஹாரன் அடிக்கிறது. கூரை ஒழுகினால் ஒழுகட்டும், நான் வந்து ஏறுகிறேன்.

உன் அபிசாய்