பச்சைத் தலைக்குப் பதில் நீலம்

ஆடி 9, செவ்வாய்
காற்று. கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம் மேசையெல்லாம் புழுதி. வத்தலக்குண்டிலிருந்து காலை முதல் போன், டிவியில் படம் புள்ளி புள்ளியாம். "சீரியல்ல ஆளு மூஞ்சியே தெரியல, என்னம்மா பண்றீக?" ஃபைபரில் போகும் ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் புதுசு. முந்தாநாள்தான் மாட்டினோம். வெளியே போகும் ஒளி, மீட்டரில் சரியாகவே இருக்கிறது. பிறகு ஏன்?
அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. மறந்தே போனேன்.

ஆடி 10, புதன்
இன்னும் புள்ளி. முதலாளிக்குக் கோபம். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தவர் எங்களோடு வேலை பார்க்கும் பேகம்பூர் சலீம் பாய். எல்லார் முன்னாலும் முதலாளி அவரைக் கேட்டார்.
"பாய், கீழ போட்டீகளா?"
"அல்லா மேல சத்தியமா இல்ல. பச்சப்புள்ளய மாதிரி தூக்கியாந்தேன்."
"பொய் சொல்லாதீக. நாளைலருந்து வர வேணாம்."
பாய் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கீழே போடவில்லை. கூடவே வந்த எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.
சாயங்காலம் தூறல். மருந்து வாங்கியாச்சு.

ஆடி 11, வியாழன்
ஏழு மணிக்கே போய் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றினேன். ஆம்ப்ளிஃபயருக்கு ஒளி நுழையும் வாய் பச்சை. அதில் மாட்டியிருந்ததோ, முனையில் நீலத் தலை உள்ள வயர். பச்சையின் நுனி சாய்வு, மோதும் ஒளியை ஓரமாகத் தள்ளிவிடும். நீலம் தட்டை. இரண்டும் ஒட்டாமல் நடுவே இடைவெளி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து பின்னால் கசியும் ஒளி அங்கே மோதித் திரும்புகிறது. மறுபடி உள்ளே போய் அதுவும் பெருகுகிறது. அதுதான் புள்ளி.
ஆம்ப்ளிஃபயர் மாட்டிய அன்று பச்சை வயர் தீர்ந்திருந்தது. "இது போதும்" என்று நீலத்தை மாட்டியது நான்.
கடையில் பச்சை வாங்கி, நுனி துடைத்து மாட்டினேன். வத்தலக்குண்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "இப்பப் பளிச்சுன்னு இருக்கும்மா."
பதினோரு மணிக்கு முதலாளி. சொல்லிவிட்டேன்.
"நேத்தே ஏன் சொல்லல?"
"நீலத்தால வந்துச்சுன்னு நேத்துத் தெரியாது சார். ஆனா பாய் போடலன்னு தெரியும். பயந்துட்டேன்."
என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டம். பாய்க்குப் போன் போட்டு, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். ஸ்பீக்கரில் பாய் குரல் நிதானமாக வந்தது. "எல்லார் முன்னால போகச் சொன்னீக. கூப்புடுறத மட்டும் போன்ல கூப்புடுவீகளா?" வைத்துவிட்டார்.

ஆடி 12, வெள்ளி
காற்று இல்லை. புகார் போன் ஒன்றுகூட இல்லை. மத்தியானம் ஜும்மா தொழுகை முடியும் நேரம் முதலாளி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.
"பேகம்பூருக்குப் போறேன். நீயும் ஏறும்மா."