இருந்ததா, முடிந்ததா

ஜனவரி 11, 2019, வெள்ளி

பங்குச் சாமியார் வீடு சந்திக்க வந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் எங்கள் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறிவிடுவார். மேசையில் வெள்ளை விரிப்பு, சிலுவை, தீர்த்தம் எல்லாம் வைத்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் கோயிலில் வைத்திருக்கும் எங்கள் குடும்ப அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. அட்டையில இன்னும் ரெண்டு பேருதான். எனக்கு எப்ப ஞானஸ்நான வேலை குடுக்கப் போறீங்க?"

நான் கேக்கை நீட்டினேன். வேறு வீடாயிருந்தால் கணவன் சிரித்து மழுப்பியிருப்பான். டிராம் ஓட்டுநரான என் கணவன் தொபியாஷ், வண்டி எந்த வழியாகப் போகும் என்று பயணிக்குச் சொல்வதுபோல் சொன்னான்: "எங்களுக்குள்ள அது நடந்ததே இல்ல சாமி. எனக்கு அந்த ஆசை வர்றதில்ல. செலினா மேல ஒரு தப்பும் இல்ல."

சாமியார் பேனாவை மூடினார். கேக் நன்றாயிருக்கிறது என்றார்.

அவர் போனபின் கேட்டேன்: "எதுக்குடா சொன்ன?"

"அவர் கேட்டாரே."

ஜனவரி 12

அவனுக்கு அதிகாலை ஷிப்ட். தூங்குவதுபோல் கிடந்தேன்.

ஜனவரி 16

நியாயமாக எழுத வேண்டும். அவன் என்னை ஏமாற்றவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, விஸ்துலா ஆற்றங்கரைப் படிகளில் உட்கார்ந்து சொன்னான்: "எனக்கு உன்கூட இருக்கணும். உன்ன கட்டிக்கப் பிடிக்கும். அதுக்கு மேல எனக்கு எதுவும் தோணாது, யார் மேலயும். மாறும்னு சொல்லமாட்டேன்." எனக்கு அது முழுக்கக் கேட்டது. மாறும் என்று நினைத்தது நான்தான். என்னை அழகி என்று நினைத்திருந்தேன் போல.

இரண்டாம் வருடம், "உனக்காக முயற்சி பண்றேன்" என்றான். பல் மருத்துவரின் நாற்காலியில் இருப்பவன் மாதிரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தேநீர் போட்டேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

கிங்காவிடம் சொல்லிவிட்டேன். தங்கைதானே என்று.

"மூணு வருஷமா வீட்டுல கன்னியர் மடமா நடத்துற? மதர் சுப்பீரியர் யாரு, நீயா அவரா?" என்று சிரித்தாள். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கிங்காவிடம் ரகசியம் சொன்னால் அவ்வளவுதான்.

பிப்ரவரி 5

அம்மா போனில்: "அப்போ இது கல்யாணமே இல்லடி. ரோமுக்கு எழுதினா போப்பே அவிழ்த்துவிட்டுடுவாராம். சாமியாரைக் கேட்டுட்டேன். மறுபடி கோயில்லயே கல்யாணம் பண்ணிக்கலாம். உனக்கு முப்பத்தேழுதான்."

முப்பத்தேழுதான்.

பிப்ரவரி 20

நான் வேலை செய்யும் இயன்முறைச் சிகிச்சை நிலையத்தில் இன்று பதினோரு முதுகுகள், மூன்று முழங்கால்கள். தோள் பிடிப்புக்கு வரும் பெரியவர் குப்புறப் படுத்தபடியே கேட்டார்: "யாரு மேலம்மா கோபம்? என் தோளுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லியே."

மன்னிப்புக் கேட்டேன். நாள் முழுக்க மனிதர்களைத் தொடுகிறேன். வீடு திரும்பும்போது கைகள் மட்டும் களைத்திருக்கின்றன. மற்றதெல்லாம் விழித்துக்கொண்டு இருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

அம்மாவின் நச்சரிப்பில் மேற்றிராசன நீதிமன்றத்துக்கு, அதாவது திருச்சபையின் கோர்ட்டுக்குப் போனேன். ஒல்லியான இளம் சாமியார், தொண்டை கட்டியிருந்தது. கூச்சம் இல்லாமல் கேட்டார், அது பிடித்திருந்தது. நடக்கவே இல்லை என்று இருவரும் சத்தியம் செய்ய வேண்டும், நாங்கள் பொய் சொல்லாதவர்கள் என்று சொல்லச் சாட்சிகள் வேண்டும். என் கையால் வரலாறு எழுதித் தர வேண்டும்.

"மூணு பக்கம் போதும். சந்திச்சது, கல்யாணம், அப்புறம் இந்த விஷயம்."

"மத்ததெல்லாம் எழுத வேண்டாமா சாமி?"

"எதும்மா?"

"நாங்க வாழ்ந்தது."

இருமினார். "அது இங்க தேவைப்படாது" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

மார்ச் 24

எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் உண்மை. எதுவும் நடக்கவில்லை. இரண்டாவது வாக்கியம், ஆகையால் இந்தத் திருமணம் — அங்கேயே நின்றுவிட்டது. என் அப்பா இறந்த வாரம் தொபியாஷ் லீவு போட்டு அம்மா வீட்டின் உடைந்த கதவைச் சரிசெய்தான், சவப்பெட்டியின் கனமான பக்கத்தைப் பிடித்தான், ஏழு நாள் எனக்கு ஊட்டிவிட்டான். அதெல்லாம் எது? வாடகைக்குக் குடியிருந்தவனா செய்தான்?

தாளைக் கிழித்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

சொன்னேன். "அப்போ அவனோடயே கிட" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

மே 12, ஞாயிறு

ஆனால் கிடக்க முடியவில்லை. இதையும் நியாயமாக எழுத வேண்டும். அவன் தோளில் சாய்ந்தால் பத்து நிமிடம் நிம்மதி. பிறகு என் உடம்பு காத்திருக்க ஆரம்பிக்கிறது. அது வெட்கம் கெட்டது, கற்றுக்கொள்வதே இல்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். அவன் வெளியே நிற்பது கதவின் கீழே தெரிகிறது. அவன் கால்நிழல்.

இன்று காளான் சூப் குடிக்கும்போது கேட்டேன்: "நான் போகட்டுமா?"

கரண்டியைக் கீழே வைத்தான். "நீ போறது எனக்கு வேணாம். ஆனா நீ குளியலறையில அழறது அதவிட வேணாம்."

ஜூன் 25

விவாகரத்துக்காக வழக்கறிஞர் வாண்டா அம்மாளைப் பார்த்தோம். இரட்டை நாடி, வேகமான பேச்சு. "அரசாங்கக் கோர்ட்டு மூணு விஷயம் கேக்கும். உடம்பு உறவு, குடித்தனம், பாசம். மூணும் அடியோட முடிஞ்சிருக்கணும். ஒண்ணு மிச்சமிருந்தாலும் ஜட்ஜம்மா 'போய் இன்னும் கொஞ்சம் வாழ்ந்து பாருங்க'ன்னு அனுப்பிடுவாங்க. அவங்க அப்படித்தான்."

தொபியாஷ் டிராம் பணிமனைக்கு அருகில் அறை பார்த்திருக்கிறான். குடித்தனம் முடிந்தது என்று காட்டலாம்.

"பாசம் இருக்கான்னு கேட்டா?"

"இல்லன்னு சொல்லுங்கம்மா. எல்லாரும் சொல்றதுதான்."

தொபியாஷ் குறுக்கே பேசினான்: "நான் பொய் சொல்லமாட்டேன்."

வாண்டா அம்மாள் என்னைப் பார்த்தாள். பாவம் என்பதுபோல்.

ஆகஸ்ட் 4

அறைக்குப் போய்விட்டான். இரண்டு பெட்டிகள், ஒரு சைக்கிள்.

செப்டம்பர் 26, வியாழன்

பதினெட்டு நிமிடம் நடந்தது. நீதிபதி கழுத்தில் அரசுச் சின்னமான கழுகு தொங்கும் சங்கிலி, குரலில் சளி. முதலில் என்னை அழைத்தார். உடலுறவு? இருந்ததில்லை. குடித்தனம்? தனித்தனி.

"கணவர் மேல பாசம்?"

இல்லை என்ற சொல் வாயில் இருந்தது. ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். வரவில்லை. சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வாண்டா அம்மாள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"சரி, உக்காருங்க. கணவர் வாங்க. நீங்க சொல்லுங்க. மனைவி மேல பாசம் இருக்கா?"

தொபியாஷ் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டில் இருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"இல்லங்க. முடிஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் ஆவுது. அவங்களுக்கும் அப்படித்தான், வெளிய சொல்லக் கூச்சப்படுறாங்க."

தெளிவாகச் சொன்னான். நீதிபதி எழுதிக்கொண்டார்.

வெளியே நடைக்கூடத்தில் அவன் பித்தான் துளையில் பித்தானைப் போட முயன்றுகொண்டிருந்தான். மூன்று முறை நழுவியது. நான் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 17

தீர்ப்பு இன்றிலிருந்து செல்லும்.

டிசம்பர் 8

சிகிச்சை நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மரேக் காப்பிக்குக் கூப்பிட்டார். போனேன். நன்றாகச் சிரிக்கிறார். மறுபடி போகலாம்.

ஜனவரி 18, 2020, சனி

விவாகரத்தானவர்கள் கணவன் பெயரை விட்டுப் பழைய குடும்பப் பெயருக்குத் திரும்ப அரசு மூன்று மாதம் தருகிறது. பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நேற்றோடு கெடு முடிந்தது.

கிங்கா போன் செய்தாள். "போனியாடி?"

"வேலை அதிகம். முடியல" என்றேன்.

நேற்று எனக்கு விடுமுறை.