காற்றில்லாத நாளில் சுழன்ற காற்றாலை

அம்மாவுக்கு, ரவுஷான் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆடு மாடுகள் நலமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் மின் நிறுவனம் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து அமைத்த புதிய காற்றாலையைப் பார்க்க, போன வாரம் அமைச்சர் வந்தார். ஆடு வெட்டியாயிற்று, கூடாரம் போட்டாயிற்று. காற்று மட்டும் வரவில்லை.

"விருந்தாளி முன்னால இது சும்மா நின்னா நம்ம மானம் என்னாகும்?" என்று இயக்குநர் தௌலெத் பதறினார். உடனே நிலக்கரி நிலையத்து மின்சாரத்தைக் கொடுத்து அதைச் சுற்ற வைத்தார்கள். அமைச்சர் கைதட்டினார், பெரிய விருந்தாளிக்கு மரியாதையாகத் தரும் ஆட்டுத்தலையும் வாங்கிக்கொண்டார். இவர்களின் புதுமை அவ்வளவுதான்.

மறுநாள் தௌலெத் சோதனை அறிக்கையை என் கையெழுத்துக்காக நீட்டினார்.

"எவ்வளவு மின்சாரம் தந்ததுன்னு போட?" என்று கேட்டேன்.

"பார்க்க நல்லா இருக்கிற மாதிரி ஒண்ணு போடுங்கக்கா. உங்களை யாரு கேக்கப் போறா?"

மின்சாரம் தரவில்லை, இழுத்தது என்று, இழுத்த அளவையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இப்போது புல்வெளி நடுவே, காற்றை அளக்கும் குடிசையில் எனக்கு வேலை. தனி ஆள்தான். கம்பளிக் காலுறையும் காய்ந்த தயிர் உருண்டைகளும் அனுப்புங்கள். பழைய ரேடியோ பாடினால் அதையும்.

கடிதம் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் பதவி உயர்வு என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா. தூக்கியடித்துவிட்டார்கள் என்றே சொல்லுங்கள்.

ரவுஷான்