நெற்குவியலின் சரிவு

அப்பா,

வயலிலிருந்து வந்ததும் என்னைத் தேட வேண்டாம். கும்பகோணம் டியூஷன் சென்டரில் வேலை தருவதற்கு முன் மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னார்களே, அதற்குக் காலை ரயிலிலேயே கிளம்பிவிட்டேன். தனியாகத்தான். சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஹாலில் பேப்பர் மேல் இருக்கும் இரண்டு நெற்குவியலையும் கலைத்துவிடாதீர்கள். ஒன்று ஒரு படி, இன்னொன்று ஒரு கைப்பிடி. கோணமானி வைத்துப் பார்த்தேன், இரண்டுக்கும் ஒரே சரிவு, முப்பத்தைந்து டிகிரி! இன்று வகுப்பில் நடத்த வேண்டிய, நேற்று முழுக்க என்னைப் படுத்திய உராய்வுக் கணக்கு இதுதான். எடையே கொடுக்காமல் உராய்வைக் கேட்கிறார்களே, அச்சுப் பிழை என்று நினைத்தேன். நீங்கள் மூட்டையைக் கொட்டியபோது புரிந்துவிட்டது. கொட்டக் கொட்ட நெல் வழிந்து, மறுபடி அதே சரிவில் வந்து நிற்கிறது. எழுதிப் பார்த்தால் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் உராய்வுக் குணகம். அவ்வளவுதான் அப்பா!

"உனக்குக் குரலே வெளிய வராதேம்மா, நான் கூட வந்து ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன்" என்றீர்கள். அதற்கு நான் கதவைச் சாத்தியது தப்பு. ஆனாலும் வர வேண்டாம். மேசையில் நெல்லைக் கொட்டப் போகிறேன். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள், என்னை இல்லை. அப்போது எனக்குப் பேச்சு வரும்.

ஃபெபி

டிபன் பாக்ஸில் எடுத்துப் போவது விதை நெல். திட்டாதீர்கள், சிந்தாமல் கொண்டுவருகிறேன்.

எப்போதும் மெசேஜ்தானே அனுப்புவேன், இன்று முடிந்ததும் அனுப்ப மாட்டேன். போன் பண்ணுவேன். எடுங்கள்.