பெட்டியை மூடச் சொன்னவன்

மரக்காணம், 14.3.2005

அன்புள்ள லூர்துமேரி,

1. என் உடம்பு.
2. கண்ணாடி.
3. நேற்றுப் பார்த்த படம் ஓர் ஏமாற்று வேலை.

உடம்புக்குக் குறையில்லை. உன் மூட்டுவலி எப்படி? உப்பளத்து வெயிலில் கண் கூசுகிறது, என் கறுப்புக் கண்ணாடியை அனுப்பு.

நேற்று ஒரு திரைப்படச் சங்கத்தார் உப்பளக் கொட்டகையில் படம் போட்டார்கள். அதில் ஒரு கிழவர் எட்டு நிமிடம் கடலையே பார்க்கிறார். "தியானம் மாதிரி பாருங்க" என்றார்கள். தியானமாம்! டிசம்பர் அலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடமா? ஆத்திரத்தில் எழுந்து, நானேதான், "நிறுத்துங்கய்யா!" என்று கத்திவிட்டேன்.

அலையில் மகனை இழந்த அஞ்சலாட்சி என்னை அதட்டினாள்: "உக்காருங்க சார். என்னைத்தான் யாரும் இவ்ளோ நேரம் உக்காந்து அழ விடலை. இவரையாவது விடுங்க."

நம் மகன் அருளப்பனை அடக்கம் செய்த அன்று, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சினாய். பெட்டியை மூடச் சொன்னவன் நான்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, மேரி. தபால்காரர் வந்துவிட்டார்.

உன்
ஞானாதிக்கம்