மெஷினுக்கு உறை போடும் நேரம்

அன்பும் மரியாதையும் உள்ள என் கணவருக்கு,

நேற்று மாலை நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான், நம் மகள், உங்கள் தங்கை, பார்சலைக் கொண்டுவந்த உங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர். வேறு யாரும் இல்லை. அப்போது பேசியது யார் யார் காதில் விழுந்தது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம்.

மகளுக்கு நீங்கள் தைத்த சட்டை அளவெல்லாம் சரி. உடனே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஓடினாள். பொத்தான் போடத்தான் கை தடுமாறியது. பெண்பிள்ளைச் சட்டைக்கு இடப்பக்கம் வரவேண்டிய பொத்தான்கள் வலப்பக்கம் இருந்தன. உங்கள் தங்கை சிரித்துவிட்டாள். “அண்ணனுக்குப் பொறந்தது பொண்ணா பையனான்னே மறந்துபோச்சு போல” என்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க தங்கச்சி” என்றுதான் என்னிடம் ஆரம்பித்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பகலில் உங்கள் வேலை, மாலையில் வேலையை விட்டு நின்றுபோன ஒரு ஆளின் வேலை என்று நீங்கள் மெஷினை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்றார். கால் பெடலில் இருக்கும்போதே கண் அயர்ந்து, ஊசி விரலில் இறங்கிவிட்டதாம். என்னிடம் போனில் “கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு” என்றீர்கள். இந்த மாத லீவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறீர்களாம்.

அவர் போனபிறகு ஜன்னலோரம் இருக்கும் நம் பழைய மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீந்த துணிகளை ஒட்டுப்போட்டு நான் தைத்த உறை இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது. இங்கே வீட்டிலேயே தைத்த காலத்தில், தெருவிளக்கு எரிந்ததும் அந்த உறையை எடுத்து மெஷினுக்குப் போட்டுவிடுவீர்களே, யார் வந்து நின்றாலும் கழற்ற மாட்டீர்களே! தலைமை ஆசிரியரின் கோட்டு நினைவிருக்கிறதா? ஒரு கை மட்டும் பாக்கி. “பத்து நிமிஷ வேலைப்பா, ஒத்தைக் கையோட கல்யாணத்துக்குப் போகச் சொல்றியா?” என்று குதித்தார். நீங்கள் அசையவில்லை. “இப்ப தச்சா வலது கையை இடது பக்கம் வெச்சிடுவேன் சார். கல்யாணம் நாளைக்கு சாயங்காலம்தானே? காலையில வாங்க, ரெண்டு கையும் தர்றேன்” என்றீர்கள். திட்டிக்கொண்டே போனார். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உறை போட்டதும் தரையில் கையை நீட்டிப் படுப்பீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பள்ளிக்கூடம் போகாத நான் தப்பும் தவறுமாகத்தான் படிப்பேன். நீங்கள் திருத்தியதில்லை. “அப்புறம்?” என்று மட்டும் கேட்பீர்கள். பாதி நாள் அந்த “அப்புறம்” சொல்லும்போதே தூங்கிவிடுவீர்கள். இந்தக் கடிதத்தில் உள்ள எழுத்தெல்லாம் நீங்கள் மெஷினை மூடிவைத்த அந்த நேரத்தில் எனக்கு வந்தவைதான்.

அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் நேராகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க ஆண்கள் சட்டையே தைத்துப் பழகிய கை, தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. மகளுக்காகத் தைக்கும்போதும் நீங்கள் அங்கே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். மாலை வேலை இல்லாமலும் இந்த வீடு ஓடும். கணக்கில் நான் தப்பு விடமாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். அதை என்னிடம் விட்டுவிடுங்கள். லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

சட்டையை நானே பிரித்து மாற்றித் தருகிறேன் என்றேன். மகள் கழற்றிக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். “அப்பா சட்டை மாதிரியே இருக்கும்மா. வேணும்னா அப்பாவே வந்து மாத்தட்டும்” என்கிறாள்.

காலையும் மாலையும் உங்கள் கைகளுக்காகத்தான் பிரார்த்தனை செய்கிறேன். கடவுள் உங்களுக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும். விரல் வலித்தால் நீளமாக எழுத வேண்டாம். வரும் தேதியை மட்டும் உங்கள் கையால் எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி