குலுக்கலில் விழுந்த பள்ளி

பெங்களூரு
18.6.2024

அன்புள்ள ஹெலன்,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறாய், அதனால்தான் மின்னஞ்சல்.

"டாக்டர் பட்டம் வாங்கன அப்புறமும் இன்னா படிப்பு?" என்று உன் அம்மா கேட்டாராம். எந்தக் கற்பிக்கும் முறை உண்மையிலேயே பலன் தருகிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் பயிற்சி என்று சொல். இரண்டு வருடம். இப்போது தொடங்கும் ஆய்வு நன்றாக வந்தால்தான் மூன்றாவது வருடம்.

உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பாதிக்கு வாசிப்பு அட்டைகள் கொடுக்கிறோம். மீதிக்குக் கொடுக்காமல், இரண்டு பக்கமும் தேர்வு வைத்து ஒப்பிடுகிறோம். யாருக்கு என்பது கம்ப்யூட்டர் குலுக்கல். உன் பள்ளிக்கு இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் பூங்குழலி


ஆம்பூர்
25.6.2024

அன்புள்ள பூங்குழலி,

கோபம்தான். என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. அம்மாக்கள் விடிந்ததும் ஷூ கம்பெனி வேன் ஏறிவிடுகிறார்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அடுத்த பள்ளிக்கு வண்ண அட்டை, எங்களுக்கு வெறும் பரீட்சையா? "எங்களுக்கு மட்டும் எதுக்கு மிஸ் டெஸ்ட்டு?" என்று ரோஷினி கேட்கிறாள். நீயே வந்து பதில் சொல்.

ஒரே ஒரு கட்டு அனுப்பேன். யாருக்குத் தெரியப்போகிறது?

ஹெலன்


பெங்களூரு
2.7.2024

அன்புள்ள ஹெலன்,

எனக்குத் தெரியுமே. கிடைக்காத பிள்ளைகள் இருந்தால்தான் கிடைத்த பிள்ளைகளின் முன்னேற்றம் தெரியும். அது தெரிந்தால், பணம் தரும் அறக்கட்டளை அடுத்த வருடம் எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்கும், உன் ரோஷினிக்கும். ஒரு வருடம் பொறு, ப்ளீஸ்.

உன் பூங்குழலி


பெங்களூரு
10.2.2025

அன்புள்ள ஹெலன்,

தேர்வு முடிவுகளைப் பார்த்தேன். உன் வகுப்பு நன்றாக ஏறியிருக்கிறது. பள்ளிகொண்டா பக்கம் அட்டை கிடைக்காத மற்றப் பள்ளிகளும் ஏறியிருக்கின்றன. என்ன நடந்தது? தோழியாகக் கேட்கவில்லை.

பூங்குழலி


ஆம்பூர்
13.2.2025

அன்புள்ள பூங்குழலி,

பள்ளிகொண்டா போகும் காலை பஸ்ஸில் டீச்சர்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் போகிறோம். குழம்பு மாற்றிக்கொள்வோம், பாடமும் மாற்றிக்கொள்வோம். இது நீ பெங்களூரு போவதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். உமைமா டீச்சர் பள்ளிக்கு அட்டை வந்தது. "இதுல மறைக்கறதுக்கு இன்னா இருக்கு? நம்ம புள்ளைங்கதானே!" என்று மடியில் பரப்பிவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் போய்க் கரும்பலகையில் எழுதினோம். ரோஷினி இப்போது கடைப் பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே நடக்கிறாள்.

உன்னிடம் சொல்லாதது தப்பு. சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. எங்கள் பள்ளிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடேன்.

ஹெலன்


பெங்களூரு
20.4.2025

ஹெலன்,

எடுக்க முடியாது. குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தில் வைத்துத்தான் எண்ண வேண்டும், அதுதான் முறை. எண்ணினேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

பஸ்ஸில் நடந்ததையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதினேன், உங்கள் பெயர்கள் இல்லாமல். அறக்கட்டளைக்காரர்கள் அந்தப் பகுதிவரை படிக்கவில்லை. பெரிய வித்தியாசம் இல்லை என்ற வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜூனில் எந்தப் பள்ளிக்கும் அட்டை வராது. உமைமா டீச்சரிடம் இருப்பதையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். எனக்கு மூன்றாவது வருடம் இல்லை.

ரோஷினி படிப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். உன்மேல் கோபமும் நிஜம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன், கோபம்தான் மிஞ்சுகிறது. அது தீரும்வரை எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

பூங்குழலி